டார்கெட் முடிஞ்சது, மாடு போச்சு

ஏப்ரல் மாசம் நெருங்கினாலே பொட்டி தட்டும் மக்களுக்கு வயித்துல புளியைக் கரைக்க ஆரம்பிச்சுடும். அப்ரைசல்! போன வருஷம் நாமே எழுதி, டேமேஜர் (எழுத்துப்பிழை இல்லைங்க) ரெண்டு வரி சேர்த்து, அப்புறம் ரெண்டு பேருமே மறந்துபோன ‘கோல் ஷீட்’ என்கிற வஸ்துவைத் தூசு தட்டி எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் நேராக ‘சாதித்தேன்’, ‘அதுக்கும் மேலே சாதித்தேன்’ என்று நிரப்பும் திருவிழா. ஐடியில் மட்டும்தான் இந்தக் கூத்து என்று நினைக்க வேண்டாம். பேங்க்காரருக்கு டெபாசிட் டார்கெட், மருந்துக் கம்பெனி ரெப்புக்கு சேல்ஸ் டார்கெட், இன்சூரன்ஸ்காரருக்கு பாலிசி டார்கெட். மார்ச் கடைசி வாரத்தில் மட்டும் தூரத்துச் சொந்தக்காரர்கள் திடீர்ப் பாசத்தோடு போன் பண்ணுவது ஏன் என்று நமக்குத் தெரியாதா என்ன!

டார்கெட் வெச்சா வேலை செய்யறவனுக்கு டென்ஷன். இது எல்லாருக்கும் தெரிஞ்ச புலம்பல், இதுக்கு ஒரு பதிவு தேவையில்லை. ஆனா இந்தப் பழக்கத்தோட பூர்வீகத்தைக் கொஞ்சம் நோண்டிப் பார்த்தப்போ வேற ஒரு சமாச்சாரம் கண்ணில் பட்டது. டார்கெட்டால் முதலில் பார்வை போவது அதை வெச்சவருக்குத்தான். கீழே என்ன நடக்குது என்று தெரிஞ்சுக்கத்தான் அவர் எண்ணைக் கேட்கிறார். அந்த எண்ணோடு பரிசையும் தண்டனையையும் முடிச்சுப் போட்ட அடுத்த நிமிஷம், மேலே வருவது எல்லாம் அவர் கேட்க விரும்பிய எண்தான். உண்மை கீழேயே தங்கிடும். அது கடைசியில் வெளியே வரும்போது, பெரும்பாலும் யாராவது உயிரையோ வேலையையோ விட்டிருப்பாங்க.

சில கதைகள் சொல்றேன். பாருங்க.

102 டன்

முதல்ல சோவியத் ரஷ்யா. வேலையிடத்தில் எண்ணை இலக்காக வைப்பதை ஒரு தேசம் முழுக்கச் செய்து பார்த்தவங்க அவங்கதான்.

1935 ஆகஸ்ட் 30 ராத்திரி தொடங்கி 31 விடிவதற்குள், டான்பாஸ் பகுதியில் (இன்றைய உக்ரைனின் கிழக்கு) ஒரு சுரங்கத்தில் அலெக்சி ஸ்டகானோவ் என்ற தொழிலாளி 5 மணி 45 நிமிஷத்தில் 102 டன் நிலக்கரி வெட்டினார். ஒரு ஷிஃப்டுக்கு நிர்ணயித்திருந்த அளவு 7 டன். அதாவது 14 மடங்குக்கும் மேல்! நாடு முழுக்க அவர் பெயர் பரவியது. ‘ஸ்டகானோவ் இயக்கம்’ என்றே ஒன்று ஆரம்பித்தார்கள். அந்த டிசம்பரில் அமெரிக்காவின் டைம் பத்திரிகை கூட அவரை அட்டையில் போட்டது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வழக்கமா நிலக்கரியை வெட்டுகிறவரே நடுநடுவில் நிறுத்தி, கூரை இடிஞ்சு விழாமல் இருக்க மரத்தால் முட்டுக் கொடுக்கணும். அன்று ஸ்டகானோவ் வெட்டும் வேலையை மட்டும் பார்த்தார். பின்னாலேயே ரெண்டு பேர் முட்டுக் கொடுத்துக்கிட்டே வந்தாங்க. 102-ஐ மூணால் வகுத்தால் ஆளுக்கு 34 டன். அதுவே பெரிய விஷயம்தான். வேலையைப் பிரிச்சுக் கொடுத்த யோசனையும் உண்மையிலேயே நல்ல யோசனை. ஆனா பத்திரிகையில் வந்தது மூணு பேரோட வேலைமுறை இல்லை. ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு எண்.

எண்ணைப் பார்த்த மேலிடம் என்ன முடிவுக்கு வந்தது? “அப்போ எல்லாராலும் முடியும், இத்தனை நாள் ஏமாத்தியிருக்காங்க.” 1936-ல் பல தொழில்களில் தினசரி அளவை உயர்த்திட்டாங்க. ஸ்டகானோவுக்கு வீடு, சம்பளம், பதக்கம் எல்லாம் கிடைத்தது. அவர் பக்கத்தில் வேலை பார்த்தவங்களுக்குக் கிடைத்தது அதே கூலிக்கு அதிக வேலை. “இயந்திரம் தாங்காதுங்க” என்று சொன்ன இன்ஜினியர்கள் நாசவேலைக்காரர்கள் என்ற சந்தேகத்துக்கு ஆளானார்கள். அது எந்த மாதிரி காலம் என்று உங்களுக்கே தெரியும். அதுக்கப்புறம் எந்த இன்ஜினியர் வாயைத் திறப்பார்?

வாயை மூடிக்கிட்டு கணக்கை மட்டும் சரிக்கட்டும் கலை அங்கே நல்லா வளர்ந்தது. இல்லாத உற்பத்தியைக் கணக்கில் ஏற்றுவதற்கு ரஷ்ய மொழியில் ‘ப்ரிபிஸ்கி’ என்று ஒரு தனி வார்த்தையே உண்டு. மாசம் முழுக்கச் சும்மா இருந்துட்டு கடைசி வாரத்தில் விழுந்தடிச்சு வேலை பார்ப்பதுக்கு இன்னொரு வார்த்தை, ‘ஷ்டுர்மோவ்ஷினா’. (ரிலீஸ் வாரத்தில் ஆபீஸிலேயே படுத்துத் தூங்கும் மக்களுக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை.) டார்கெட் டன் கணக்கில் இருந்ததால் சரவிளக்குகளைக் கனமாச் செய்யறாங்க என்று குருஷ்சேவே பொதுமேடையில் புலம்பியிருக்கார். ‘க்ரோகடில்’ என்ற அவங்க நையாண்டிப் பத்திரிகையில் ஒரு கேலிச்சித்திரம் வந்தது: ஆணித் தொழிற்சாலை ஒண்ணு, மொத்த டார்கெட்டையும் ஒரே ஒரு ராட்சச ஆணியாகச் செய்து கிரேனில் தொங்கவிட்டிருக்கும். நாம தினமும் ஆபீஸில் புடுங்கும் ஆணிக்கு இப்படி ஒரு சர்வதேச வரலாறு இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

இதெல்லாம் சிரிப்பு. அடுத்தது சிரிப்பு இல்லை.

ரியாசான் மாடுகள்

1957 மே மாசம் லெனின்கிராடில் பேசும்போது, இறைச்சி, பால், வெண்ணெய் மூன்றிலும் ஆளுக்கு இவ்வளவு என்ற கணக்கில் இன்னும் சில வருஷங்களில் அமெரிக்காவைப் பிடித்துத் தாண்டுவோம் என்று அறிவித்தார் குருஷ்சேவ். இறைச்சி உற்பத்தி கிட்டத்தட்ட மூணு மடங்காக வேண்டும். அறிவிச்சாச்சு. இப்போ யாராவது செய்து காட்டணுமே?

மாஸ்கோவுக்குத் தென்கிழக்கே 200 கிலோமீட்டர் போல இருக்கும் மாகாணம் ரியாசான். அங்கே கட்சியின் முதல் செயலாளர் அலெக்சி லரியோனோவ். 1959 ஜனவரி 9-ம் தேதி பிராவ்தா பத்திரிகையில் ஒரு வாக்குறுதி வந்தது: ரியாசான் மாகாணம் அந்த ஒரே வருஷத்தில் அரசுக்குக் கொடுக்கும் இறைச்சியை மூணு மடங்காக்கும். சும்மா இருப்பாங்களா மத்த மாகாணங்கள்? அவங்களும் போட்டி போட்டு வாக்குறுதி கொடுத்தாங்க. அடுத்த மாசமே, ஒரு கிலோ கூட கூடுதலாக வருவதற்கு முன்னாடியே, ரியாசானுக்கு லெனின் விருது. கொடுக்க வந்தவர் குருஷ்சேவேதான்.

நம்மூர் மாட்டுக்காரர் யாரையாவது கேட்டாலே கணக்கைச் சொல்லியிருப்பார். பசு சினை பிடித்துக் கன்று போட ஒன்பது மாசத்துக்கு மேல். கன்று வளர்ந்து எடை போட இன்னும் ஒண்ணரை, ரெண்டு வருஷம். ஒரே வருஷத்தில் மூணு மடங்கு என்பது எந்த மாட்டின் வயித்திலும் இல்லாத கணக்கு.

ஆனா விருது வாங்கியாச்சு. பின்வாங்க முடியாது. என்ன செய்தார்கள்?

அந்த வருஷம் பிறந்த கன்றுகளை எல்லாம் வெட்டினார்கள். போதவில்லை. கறவை மாடுகளையும் இனப்பெருக்கத்துக்கு வைத்திருந்த மாடுகளையும் வெட்டினார்கள். அதுவும் போதவில்லை. கூட்டுப்பண்ணை விவசாயிகள் வீட்டில் சொந்தமாக வைத்திருந்த மாடுகளை, ‘தற்காலிகமாக’ என்று ரசீது எழுதிக் கொடுத்துட்டு ஓட்டிக்கிட்டுப் போனார்கள். அப்படியும் போதாமல், டிராக்டருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ரோட்டுக்கும் ஒதுக்கிய காசை எடுத்துப் பக்கத்து மாகாணங்களில் மாடு வாங்கினார்கள். விஷயம் தெரிந்த பக்கத்து மாகாணங்கள் (அவங்களுக்கும் டார்கெட் இருக்கே!) எல்லையில் தடுக்க ஆரம்பித்தன.

1959 டிசம்பரில் வெற்றி அறிவிப்பு. 1,50,000 டன் இறைச்சி அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. சொன்னபடி மூணு மடங்கு! லரியோனோவுக்கு ‘சோஷலிச உழைப்பு வீரர்’ பட்டம். அதோடு நிறுத்தினாரா? 1960-க்கு 1,80,000 டன் என்று அடுத்த வாக்குறுதி.

1960-ல் ரியாசான் கொடுத்தது வெறும் 30,000 டன். 1958-ஓடு ஒப்பிட்டால் மாகாணத்தின் கால்நடை எண்ணிக்கை 65 சதவீதம் குறைந்துபோயிருந்தது. ரசீதை வைத்துக்கொண்டு மாட்டை இழந்த விவசாயிகள் பண்ணை வேலைக்கு வர மறுத்ததில் தானிய விளைச்சலும் பாதியாகப் போனது. அந்த வருஷம் முடிவதற்குள் லரியோனோவின் பதவியும் போனது, உயிரும் போனது. தன்னைத்தானே சுட்டுக்கொண்டார் என்றுதான் பலரும் எழுதியிருக்கிறார்கள்.

லரியோனோவை வில்லனாக்கிக் கதையை முடிச்சிடலாம். ஆனா 1959 முழுக்க மாஸ்கோவில் உட்கார்ந்து பார்த்தவருக்கு என்ன தெரிந்திருக்கும் என்று யோசிங்க. மாசாமாசம் ஏறிக்கிட்டே போகும் ஒரு எண். மாடு சாகும் வேகம்தான் அந்த எண் ஏறும் வேகம் என்று அவர் பார்த்த அறிக்கையில் எந்தக் கட்டமும் சொல்லாது. இனப்பெருக்கப் பசுவின் கறிக்கும் மத்தக் கறிக்கும் தராசில் வித்தியாசம் தெரியாது இல்லையா? நிலைமை மோசமாக ஆக, அறிக்கை அழகாக ஆனது.

இதுக்கு ஒரு பின்கதையும் உண்டு. ரியாசான் ஒரு மாகாணம்தான், நாடு முழுக்கவே இறைச்சி போதவில்லை. 1962 ஜூன் 1-ம் தேதி இறைச்சி, வெண்ணெய் விலையை அரசு ஏற்றியது. நோவோசெர்காஸ்க் என்ற ஊரில் ரயில் இன்ஜின் தொழிற்சாலை ஒன்றில் ஏற்கனவே வேலை அளவை உயர்த்தி கூலியைக் குறைத்திருந்தார்கள். விலையேற்றமும் சேர, தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து ஊர்வலம் போனார்கள். மறுநாள் ராணுவம் சுட்டது. இருபது பேருக்கு மேல் செத்தார்கள். சோவியத் பத்திரிகைகளில் பல வருஷங்களுக்கு அதைப் பற்றி ஒரு வரி வரவில்லை. கெட்ட செய்தி மேலே போகாது, வெளியேயும் போகாது.

ட்ரக்கர் சொன்னதில் பாதி

“அது கம்யூனிசம் பாஸ், அங்கே அப்படித்தான் இருக்கும்” என்று சொல்பவர்களுக்காக அமெரிக்கா பக்கம் போவோம். நம்ம கோல் ஷீட்டின் கொள்ளுத்தாத்தா அங்கேதான் பிறந்தார்.

1954-ல் பீட்டர் ட்ரக்கர் நிர்வாகம் பற்றி எழுதிய புத்தகம், இலக்குகளை வைத்து நிர்வாகம் செய்யும் முறையை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது. எம்பிஓ என்று எம்பிஏ படித்தவர்கள் சொல்வது இதைத்தான். ஆனா ட்ரக்கர் வைத்த முழுப்பெயர் ‘இலக்குகளாலும் சுயகட்டுப்பாட்டாலும் நிர்வாகம்’. அந்த ரெண்டாவது பாதிதான் அவருக்கு முக்கியம். அளவீடுகள் வேலை செய்பவர் கைக்கு வரணும், அதைப் பார்த்து அவரே தன்னைத் திருத்திக்கணும், மேலே இருப்பவர் கையில் சாட்டையாக அது போகக்கூடாது என்பது அவர் வாதம். அன்றைய ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியை உதாரணம் காட்டுகிறார். அங்கே ஊர் ஊராகப் போகும் ஆடிட்டர்கள் ஒவ்வொரு பிரிவையும் அலசுவார்கள், ஆனா அறிக்கை அந்தப் பிரிவின் மேனேஜருக்குத்தான் போகும், மேலிடத்துக்குப் போகாது.

கம்பெனிகள் என்ன செய்தன? ‘இலக்கு’ என்ற பாதியை எடுத்துக்கிட்டு ‘சுயகட்டுப்பாடு’ என்ற பாதியை வடிகட்டிட்டாங்க. சக்கையை வைத்துக்கொண்டு சாறைக் கொட்டின கதை.

இந்த இடத்தில் நியாயமா ஒண்ணு சொல்லணும். இலக்கு வைத்தால் வேலை நடக்குமா என்றால், நடக்கும். எட்வின் லாக், கேரி லேதம் என்ற ரெண்டு உளவியலாளர்கள் இதிலேயே வாழ்நாளைச் செலவழித்தவர்கள். 1975-ல் வெளிவந்த ஒரு ஆய்வு சுவாரசியமானது. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் மரம் ஏற்றும் லாரி டிரைவர்கள், சட்டப்படி ஏற்றக்கூடிய எடையில் 60 சதவீதம் போலத்தான் ஏற்றிக்கிட்டு இருந்தார்கள். ‘முடிஞ்சவரை ஏத்துங்க’ என்றெல்லாம் பொத்தாம்பொதுவாகச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. 94 சதவீதம் என்று ஒரு குறிப்பான இலக்கு கொடுத்தார்கள். முதல் மாசமே 80-ஐத் தாண்டியது.

ரெண்டாவது மாசம் 70-க்கு இறங்கியது. ஏன் தெரியுமா? இலக்கைத் தொட்டால் போனஸும் இல்லை, தொடாவிட்டால் தண்டனையும் இல்லை என்று நிர்வாகம் வாக்குக் கொடுத்திருந்தது. நிஜமாத்தான் சொல்றாங்களா என்று டிரைவர்கள் வேண்டுமென்றே குறைத்துப் பார்த்தார்கள்! நிர்வாகம் வாயைத் திறக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. மூணாவது மாசம் முதல் எடை ஏறி 90-ஐத் தாண்டி நின்றது.

டார்கெட்டை ஆதரிக்கும் கூட்டம் எடுத்துக்காட்டும் ஆய்வு இது. ஆனா இதிலிருந்து எல்லாரும் எடுத்துக்கொண்டது 94 என்ற எண்ணைத்தான். தண்டனை கிடையாது என்ற வாக்கையும், அதைக் காப்பாற்றியதையும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த டிரைவர்களுக்குப் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை. அதனால் எண் உண்மையாகவே இருந்தது.

வாத்தியார் கொண்டுவர வேண்டிய கேஸ்

அந்த ஆய்வு வெளிவந்த அதே 1975-ல், ஜூன் 25-ம் தேதி, நம்ம நாட்டில் எமர்ஜென்சி. அதற்கடுத்த வருஷம் நடந்த கட்டாயக் கருத்தடையைப் பற்றி நிறையப் பேர் எழுதிட்டாங்க. நான் சொல்ல வருவது அதன் ஆபீஸ் பக்கத்தை.

1976-77-க்கு மத்திய அரசு நிர்ணயித்த இலக்கு 43 லட்சம் அறுவைசிகிச்சைகள். இதை யார் செய்து முடிப்பது? டாக்டர்கள் மட்டும் இல்லை. பள்ளிக்கூட வாத்தியார், வருவாய்த்துறை ஊழியர், போலீஸ் என்று அரசாங்கச் சம்பளம் வாங்கும் ஒவ்வொருத்தர் தலையிலும் எண் விழுந்தது. உத்தரப்பிரதேசத்தில் மாநிலத்துக்குச் சொன்ன 4 லட்சத்தை மாநில அரசே 15 லட்சமாக ஏற்றிக்கொண்டது. (லரியோனோவ் ஞாபகம் வருதா?) மாத இலக்கை முடிக்காதவர்களுக்குச் சம்பளம் நிறுத்தம், சஸ்பென்ஷன், அதுக்கும் மேலே தண்டனை என்று தலைமைச் செயலகத்திலிருந்து மாவட்டங்களுக்குத் தந்தி போனது. மூணாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க வேண்டிய வாத்தியார், சம்பளம் வாங்குவதற்காக ஆள் பிடிக்க அலைந்தார்.

அந்த வருஷம் நடந்தது 80 லட்சத்துக்கும் மேல். இலக்கைப் போல ரெண்டு மடங்கு. அப்ரைசல் பாஷையில் சொன்னால், ‘எதிர்பார்ப்பை மிஞ்சினார்’.

அந்த எண்ணுக்குள் என்ன இருந்தது என்று பின்னாளில் ஷா கமிஷன் தோண்டி எடுத்தது. அறுவைசிகிச்சையோடு தொடர்புடைய 1,774 மரணங்கள். கல்யாணமே ஆகாதவர்களுக்குச் செய்துவிட்டார்கள் என்று 548 புகார்கள். ஆட்சி நடத்தியவர்கள் பார்த்த கட்டத்தில் இவையும் தலா ஒரு ‘கேஸ்’தான், டார்கெட்டில் ஒண்ணு கூடும். பத்திரிகைகளுக்குத் தணிக்கை வேறு. 1977 மார்ச் தேர்தலில் உத்தரப்பிரதேசத்தின் 85 தொகுதிகளில் காங்கிரசுக்குக் கிடைத்தது பூஜ்யம். ரேபரேலியில் இந்திரா காந்தியே தோற்றார். அறிக்கைகளில் வராத செய்தி ஓட்டுப் பெட்டி வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

பாடம் படிச்சோமா? 1996-ல் குடும்பநலத் திட்டத்தில் எண்ணிக்கை இலக்குகள் இனி கிடையாது என்று மத்திய அரசு அறிவித்தது. காகிதத்தில் போனது, பழக்கத்தில் போகவில்லை. 2014 நவம்பர் 8-ம் தேதி சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரு முகாமில், ஒரே சர்ஜன் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குக் கருத்தடை அறுவைசிகிச்சை செய்தார். ஒரு நாளைக்கு அதிகபட்சம் 30 என்பது அரசாங்கத்தின் சொந்த விதி. அந்த நாட்களில் அந்த மாவட்ட முகாம்களுக்குப் போன பெண்களில் 13 பேர் இறந்துபோனார்கள். மாத்திரையில் கலப்படமா, கருவிகள் சுத்தமில்லையா என்று பெரிய சர்ச்சை நடந்தது. ஆனா எதுக்கு அவ்வளவு அவசரம் என்பதுதான் என் கேள்வி. 50,000 அறுவைசிகிச்சை செய்ததற்காக அதே சர்ஜனுக்கு அந்த வருஷம்தான் மாநில அரசு விருது கொடுத்திருந்தது. எண்ணுக்கு விருது கொடுத்தால் எண் வரும்.

எட்டு கணக்கு

கடைசிக் கதை, கம்ப்யூட்டரும் கணக்கும் எல்லாம் பக்காவாக இருக்கும் நவீன அமெரிக்க வங்கி. வெல்ஸ் ஃபார்கோ.

ஒவ்வொரு வாடிக்கையாளர் குடும்பத்துக்கும் எட்டு சமாச்சாரம் விற்கணும் என்பது அவர்கள் இலக்கு. சேமிப்புக் கணக்கு, கிரெடிட் கார்டு, டெபிட் கார்டு, கடன், இப்படி. ஏன் எட்டு? ஆங்கிலத்தில் ‘எய்ட்’ என்றால் ‘கிரேட்’டுக்கு எதுகையாக வருதாம்! எட்டே சிறப்பு என்பதுதான் கோஷம். சினிமாப் பாட்டு எழுதுவது போல எதுகை பார்த்து வைத்த டார்கெட்டுக்காக மக்கள் வேலை இழந்தார்கள்.

கிளை ஊழியர்களுக்குத் தினசரி இலக்கு. புது வருஷம் பிறந்ததும் ஜனவரியில் அதைவிட அதிகம். அதனால் டிசம்பரில் வரும் கணக்குகளை ஜனவரிக்குப் பதுக்கி வைப்பார்கள். இலக்கு முடியாவிட்டால் வீட்டுக்குப் போக முடியாது. 2013 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் இதையெல்லாம் விலாவாரியாக எழுதியது. வீடில்லாத ஒரு பெண்மணிக்கு ஆறு கணக்குகளைத் தொடங்கிக் கொடுத்து, மாசம் 39 டாலர் கட்டணம் விழும்படி செய்த கதையும் அதில் வந்தது. ஊழியர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் அவர் பெயரில் கணக்கு தொடங்கினார்கள், பொய் ஈமெயில் முகவரி போட்டார்கள், தாங்களே பின் நம்பர் வைத்தார்கள்.

2016 செப்டம்பரில் வெடித்தது. 18.5 கோடி டாலர் அபராதம். சுமார் 5,300 ஊழியர்கள் அதற்கு முந்தைய ஐந்து வருஷங்களில் வேலையைவிட்டு நீக்கப்பட்டிருந்தார்கள். பெரும்பாலும் கீழ்மட்ட ஆட்கள். சந்தேகக் கணக்குகள் முதலில் 20 லட்சம் என்றார்கள், பிறகு 35 லட்சம் வரை இருக்கலாம் என்றார்கள். தலைமை அதிகாரி ஜான் ஸ்டம்ப் அக்டோபரில் பதவி விலகினார். 2020-ல் மேலும் 300 கோடி டாலர் கட்டி வழக்குகளை முடித்தார்கள். வங்கி இதற்குமேல் வளரக்கூடாது என்று அமெரிக்க மத்திய வங்கி 2018-ல் போட்ட தடை, 2025 ஜூனில்தான் நீங்கியது.

இதில் எனக்கு ரெண்டு விஷயம் ரொம்ப உறுத்தியது.

ஒண்ணு: முதலில் கண்டுபிடித்த அந்த 20 லட்சம் கணக்குகளில் வாடிக்கையாளர்களிடம் பிடித்த கட்டணம் என்று வங்கி திருப்பிக் கொடுத்தது சுமார் 26 லட்சம் டாலர். அவ்வளவு பெரிய வங்கிக்கு அது டீ, காபி செலவு. அதாவது திருடியும் லாபம் இல்லை. பெரும்பாலான கணக்குகளில் காசே இல்லை. அவை எண்ணுக்காக மட்டுமே உயிர் வாழ்ந்த கணக்குகள். அந்த எண்ணை மூணு மாசத்துக்கு ஒருமுறை பங்குதாரர்களிடம் பெருமையாகக் காட்டிக்கொண்டு இருந்தது நிர்வாகம்.

ரெண்டு: வங்கியின் இயக்குநர்களே விசாரணை நடத்தி 2017 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை. அந்த இலக்குகளுக்கு உள்ளுக்குள்ளே ஒரு செல்லப்பெயர் இருந்ததாம்: ‘50/50 திட்டம்’. பாதிப் பகுதிகளால்தான் இதை எட்ட முடியும் என்று வைத்தவர்களுக்கே தெரியும் என்று அர்த்தம். பாதிப் பேர் தோற்பாங்க என்று தெரிந்தே வைத்த இலக்கு. அப்புறம் எல்லாரும் ஜெயிச்சதாகக் கணக்கு வந்தபோது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? ரியாசான் மாட்டுக் கணக்கேதான், கோட்டு சூட்டு போட்டு வந்திருக்கு.

நம்ம ஆணி

நம்ம தொழிலிலும் ஒரு நல்ல கதை உண்டு. 1982-ல் ஆப்பிள் கம்பெனியில் லிசா கம்ப்யூட்டருக்கு வேலை நடந்துக்கிட்டு இருந்த நேரம். வாரத்துக்கு எத்தனை வரி கோட் எழுதினீங்க என்று ஒரு ஃபாரம் நிரப்பச் சொன்னார்கள். பில் அட்கின்சன் அந்த வாரம் படம் வரையும் புரோகிராமின் ஒரு பகுதியைத் திருத்தி எழுதி, பல மடங்கு வேகமாக்கி, கூடவே 2,000 வரிகளைக் குறைத்திருந்தார். ஃபாரத்தில் ‘மைனஸ் 2000’ என்று எழுதிக் கொடுத்துட்டார்! சில வாரங்களில் அவரிடம் ஃபாரம் கேட்பதையே விட்டுட்டாங்க. அட்கின்சன் அட்கின்சனாக இருந்ததால் தப்பித்தார். புதுசா சேர்ந்த ஒரு பையன் மைனஸ் போட்டிருந்தால்? அதனால் அவன் போட மாட்டான். நாலு வரியில் முடியும் வேலையை நாற்பது வரியில் எழுதுவான். டிக்கெட் எண்ணிக்கைதான் டார்கெட் என்றால் பிரச்சினையைத் தீர்க்காமல் டிக்கெட்டை மூடுவான், வாடிக்கையாளர் மறுபடி திறந்தால் அதுவும் இன்னொரு எண்ணிக்கை.

ஜப்பான் தொழிற்சாலைகளுக்குத் தரம் என்றால் என்ன என்று வகுப்பெடுத்த எட்வர்ட்ஸ் டெமிங், 1980-களில் நிர்வாகிகளுக்கு 14 அறிவுரைகள் எழுதினார். எண்ணிக்கை ஒதுக்கீட்டையும் இலக்கு வைத்து நிர்வாகம் செய்வதையும் ஒழியுங்கள் என்பது அதில் ஒன்று. வேலையிடத்தில் இருந்து பயத்தை விரட்டுங்கள் என்பது இன்னொன்று. ரெண்டையும் தனித்தனியாகப் படித்தால் ஏதோ நல்லெண்ண உபதேசம் மாதிரி இருக்கும். மேலே சொன்ன கதைகளுக்குப் பிறகு சேர்த்துப் படித்தால், ரெண்டும் ஒரே அறிவுரை என்று புரியும். பயம் இருக்கும் இடத்தில் எண் பொய் சொல்லும்.

இலக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லாரி டிரைவர்களுக்கு அது உதவியதே. எண்ணைத் தெரிஞ்சுக்கவும் வைத்துக்கொள்ளலாம், சம்பளத்தை நிர்ணயிக்கவும் வைத்துக்கொள்ளலாம், ஆனா ஒரே எண்ணை ரெண்டுக்கும் வைத்துக்கொண்டால் தெரிஞ்சுக்கும் வேலைக்கு அது உதவாது. எந்த டீமிலாவது ‘இந்த இலக்கு நடக்காதுங்க’ என்று ஒருத்தர் சொல்லிட்டு, அடுத்த வருஷமும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்றால் அந்த டீமின் எண்களை நம்பலாம். எல்லாருடைய ஷீட்டும் வருஷா வருஷம் நூற்றுக்கு நூறு பச்சையாக இருக்கு என்றால், எங்கேயோ மாடு வெட்டிக்கிட்டு இருக்காங்க. வெட்டுவது இனப்பெருக்க மாட்டையா என்று போய்ப் பார்ப்பது நல்லது.

உங்க ஆபீஸில், கிளையில், பள்ளிக்கூடத்தில் டார்கெட்டுக்காக எந்த மாட்டை வெட்டறாங்க? பின்னூட்டத்தில் சொல்லுங்க, கம்பெனி பேரைப் போடாமல்.

டிஸ்கி: இந்தப் பதிவை இத்தனை நாளுக்குள் எழுதி முடிக்கணும் என்று எந்த டார்கெட்டும் வைத்துக்கொள்ளவில்லை. அதான் இவ்ளோ நீளம்!